மாதிரி நாற்பத்தொன்று

கொழும்பிலிருந்து சட்டம் போட்டு வந்த பட்டியலை
நடைபாதைச் சுவரில் மாட்டச் சொன்னார்கள்.
இரசாயனவியலின் முன்னணி ஆய்வாளர்கள்.
ஒரு நிரலில் பெயர், மறு நிரலில் துறை.
ஆணியை நான் பிடித்தேன், சுத்தியலைக் காவலாளி.
அறிவியல்நகரின் புதுச் சுவர்.
முதல் அடிக்கே காறை உதிர்ந்தது.

ஏழு பெயர். நாலு பேர் எங்கள் மாடி.
துறையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்,
என்னால் முழுக்க வாசிக்க முடியவில்லை.
எனக்கு அவர்களைக் குடுவையின் அடியில் தெரியும்.

பேராசிரியர் குணரட்ணசிங்கம் நீலம்.
வயல் மண்ணில் பொசுபரசு தேடுகிறவர்.
இரணைமடுவுக்குக் கீழே எத்தனை மூடைப் பசளை
நெல்லுக்குப் போகாமல் வாய்க்காலுக்குப் போகிறதென்று
நீலத்தின் கடுமையில் பிடித்துவிடுவார்.
அவர் முகவைகளைக் கழுவினால்
நகக்கண்ணில் இரண்டு நாள் நிற்கும்.
கோயிலில் திருநீறு தந்த ஐயர்
சாயக் கடையிலோ பிள்ளை வேலை என்றார்.

கலாநிதி எமல்டா குரூஸ் கறுப்பு.
கொக்கிளாய்க் கரை மணலை அமிலத்தில் வேகவைக்கிறார்.
காந்தத்தைக் காட்டினால் மீசை முளைக்கும் மணல்.
அதற்குள் இருக்கும் தைத்தானியம்தான்
சுவருக்குப் பூசுகிற வெள்ளையாம்.
இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

பிருந்தாபன் ஸேருக்கு நிறமில்லை.
மிதிவெடி எடுத்தாயிற்று என்று பலகை நட்ட காணியில்
மண்ணுக்குள் இன்னும் என்ன கரைகிறது,
எந்தப் புல் அதைக் குடிக்கிறது.
தன் போத்தல்களை என்னிடம் தரமாட்டார்.
மூன்று தரம் அசற்றோன், தானே நின்று.
பளையில் அவருக்கு ஒரு காணி இருக்கிறது என்று
பியோன் சொன்னார். நான் கேட்டதில்லை.

றிஸ்மியா சிவப்பு. ஆக இளையவர்,
பட்டியலில் கடைசி.
அவரிடம் ஒரு சிவப்புத் திரவம்,
கிணற்று நீரில் புளோரைட்டு இருந்தால் வெளிறும்.
கூட இருந்தால் கூட வெளிறும்.
அதற்குத்தான் முசலியிலிருந்து நெடுங்கேணி வரை
பிளாஸ்ரிக் போத்தல்களோடு அந்த வான் ஓடுகிறது.

போன ஆவணியில் நாற்பது போத்தல் வந்தன.
நான் கழுவிக் காயவைத்ததில் ஒன்று மிஞ்சியது.
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
ஏ-ஒன்பதில் பஸ் ஏறினேன்.
விடிய எங்கள் கிணற்றில் அள்ளி, மூடியை இறுக்கி,
அவருடைய எழுத்தைப்போலவே
நாற்பத்தொன்று என்று எழுதி
நாற்பதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மகனுக்கு முன்பற்களில் பழுப்புக் கோடு.
வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான்.
ஒழுங்காய்த் தீட்டு, ஒழுங்காய்த் தீட்டு என்று
அவனுக்கு எத்தனை தரம் அடித்திருப்பேன்.

மத்தியானம் குழாய்கள் வரிசையாகச் சிவந்து நின்றன.
கடைசியில் நின்றது மட்டும் சோகை பிடித்தது.
கருவி அளவு தாண்டியது என்றது.
பாதியாக ஐதாக்கி மறுபடி செய்தார்.
இரண்டு தசம் ஏழு.
இன்னொரு தரம். இரண்டு தசம் ஏழு.
தாளைப் புரட்டினார், நாற்பதோடு முடிந்தது தாள்.
"இது ஆருடைய கிணறு?"

தொட்டியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
பூட்டினேன்.
"என்ரை."

ஏசுவார் என்று நினைத்தேன்.
பேனையை எடுத்து, ஆழம் எத்தனை அடி,
எந்த வருசம் வெட்டினது, எத்தனை பேர் குடிக்கிறியள் என்றார்.
பெயர் கேட்கவில்லை. தாளில் பெயருக்கு நிரல் இல்லை.
பிறகு ஞாபகம் வந்தவர்போல்
மகனுக்கு எத்தனை வயது என்றார்.

ஒன்பது.

வந்த பல்லுக்கு ஒன்றும் செய்யேலாது புஸ்பகாந்தி அக்கா.

மழைத்தண்ணித் தாங்கி ஒன்று கடனுக்கு எடுத்தேன்.
ஐப்பசி மழை பிந்தி வந்தது, ஆனாலும் வந்தது.
இரவில் அவன் நித்திரையானதும்
ரோர்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறேன்.
கடைவாயில் இன்னும் முரசுதான்.